வலப்பக்கக் கீழ்மூலை

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள். ஜெனேவியேவ் குந்தி உட்கார்ந்து, கீறல் முதலில் எந்த இடத்தில் விட்டது என்று பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவளுடைய அப்பா அகுஸ்தேன் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து, ஒரு பிரெஞ்சு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியதும் புதுச்சேரி, காரைக்கால்காரர்களில் பெரும்பாலோர் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். அகுஸ்தேன் போகவில்லை. அவர் மனைவி வியட்நாமியப் பெண். படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டுவிட்டு எங்கும் வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஜெனேவியேவுக்கு அப்போது இரண்டு வயது.

அடுத்து வந்ததெல்லாம் ரேஷன் அரிசிக் காலம். அரிசியில் பாதிக்குக் கல். கல் பொறுக்குவது அந்த வீட்டில் ஜெனேவியேவின் வேலை. பொறுக்கிய கல்லை அவள் எறிந்ததே இல்லை. சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டு, இது எந்த ஊர்க் கல், இதை யார் அரிசியில் போட்டது என்று அப்பாவைத் துளைத்தெடுப்பாள். வங்கியும் இல்லாமல் உத்தியோகமும் இல்லாமல் சைக்கிள் டயர் ஒட்டிக்கொண்டிருந்த அகுஸ்தேன், கல்லுக்கு ஏதம்மா ஊரு என்பார். அந்தப் பதில் அவளுக்கு ஒருநாளும் போதவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் போனாள். ஜெனேவியேவ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயது தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு தொழில் அமைந்தது. நகரத்துக்கு வெளியே கிடக்கும் குச்சி என்ற ஊரில் விவசாயிகளிடம் கீரையும் காய்கறியும் வாங்கி, வெள்ளைக்காரர்கள் நிறைய இருக்கும் தாவோ தியென் பகுதியில் காபிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கொடுப்பது. அதற்காகப் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினாள். அதற்கு முன்னால் வைத்திருந்தவன் வேகப் பைத்தியம். கம்பெனி வைத்துக் கொடுத்த இன்டர்கூலரைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றைப் பம்பருக்குப் பின்னால் முகப்பிலேயே பொருத்தியிருந்தான். பெரிய திறப்பு வேண்டும் என்று பம்பரின் கீழ்ப்பகுதியையும் அறுத்து எடுத்திருந்தான்.

டர்போ வண்டியில் என்ஜினுக்குள் போகும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிவிடும். சூடான காற்றை அப்படியே விட்டால் வண்டி இழுக்காது. அதைக் குளிரவைத்து உள்ளே அனுப்பும் அலுமினியப் பெட்டிதான் இன்டர்கூலர். குழாய் குழாயாக இருக்கும்; இடையில் காகிதம் போல மெல்லிய தகடுகள் மடிந்து மடிந்து நிற்கும். எதிர்க்காற்று நன்றாகப் படவேண்டும் என்றுதான் அதை முன்னால் வைக்கிறார்கள். காற்றோடு சாலையில் கிடப்பதெல்லாமும் வந்து அதன்மேல்தான் படும்.

ஒருநாள் காலை துளசியும் புதினாவும் ஏற்றிக்கொண்டு நகரத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்திலிருந்து சீறல் சத்தம் கேட்டது. மிதிக்க மிதிக்க வண்டி இழுக்க மாட்டேன் என்றது. பின்னால் கரும்புகை. மூக்கைப் பொத்திக்கொண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். நகர்ந்து நகர்ந்து ஹொக் மோனில் இருந்த சலாஹுதீனின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சலாஹுதீனும் காரைக்கால் வழிதான். அவனுடைய பாட்டனார் பென் தான் என்ற பெரிய சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவர். அவன் தாய் வியட்நாமியப் பெண், மனைவியும் அப்படியே. தமிழ் பேச அவனுக்கும் ஜெனேவியேவை விட்டால் ஆள் இல்லை. அதனால் வண்டி நன்றாக இருக்கும்போதுகூட அவள் சில நாள் அங்கே நிறுத்தி, காபி குடித்துவிட்டுத்தான் போவாள்.

அவன் இன்டர்கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். கீழ்மூலையில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. கல் அடித்திருக்கிறது என்று சொல்லி அலுமினிய வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்தான்.

இரண்டு மாதம் போயிருக்கும். மறுபடியும் அதே சீறல், அதே புகை. இந்த முறை அவளும் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பழைய வெல்டிங் அப்படியே இருந்தது. அதிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் புதிதாக ஓர் ஓட்டை. அதுவும் வலப்பக்கக் கீழ்மூலைதான்.

“கல்லுதான் அக்கா. லாரிக்காரன் ஜல்லிய மூடாம ஓட்டுறான். வேற என்ன வரப்போவுது?”

“கல்லுன்னா ஒரு தரம் இடப்பக்கம் அடிக்கணும், ஒரு தரம் மேல அடிக்கணும். அது ஏன் தம்பி இந்த மூலையவே தேடிக்கிட்டு வருது?”

சலாஹுதீன் மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து ஓட்டையைச் சுற்றிக் கோணிக் கிடந்த தகடுகளை நிமிர்த்தத் தொடங்கினான். ஊசியில் ஏதோ இடறியது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு வந்தது. அவன் அதைக் குப்பைக்குப் போடப் பார்த்தான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

விசித்திரமான துண்டு அது. இரண்டு பக்கம் நேர்க்கோடு. இரண்டும் அட்டைப் பெட்டியின் மூலை போலச் சரியாகக் கூடி நின்றன. மூன்றாவது பக்கம் உள்ளே குழிந்து வளைந்திருந்தது. வளைவின் இரு முனைகளும் முள்ளாக நீண்டிருந்தன. விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்ததற்கே அவளுக்கு ரத்தம் வந்துவிட்டது.

இனிமேல் எதுவும் தைக்காமல் இருக்க வலை போடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஜெனேவியேவ் சந்தையில் கொசுவலை போன்ற நெருக்கமான கம்பி வலை வாங்கிவந்தாள். மாட்டிய மூன்றாம் நாளே, மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சுவாங்கியது. நெருக்கமான வலை தூசியையும் பூச்சியையும் பிடித்துவைத்துக்கொண்டு காற்றுக்கு வழிவிடவில்லை. அதைக் கழற்றிவிட்டுச் சலாஹுதீன் கோழிக்கூண்டு வலையை மாட்டினான். காற்று தாராளமாக வந்தது. கூடவே ஜல்லியும் வந்து இன்டர்கூலரில் தகடுகளைக் கோணலாக்கியது.

கடைசியில், துரு ஏறாத எஃகில் சாய்சதுரக் கண் வைத்த வலை ஒன்றை அவன் எங்கிருந்தோ பிடித்து வந்தான். அந்த இரும்புத் துண்டை எடுத்து ஒவ்வொரு கண்ணிலும் நுழைத்துப் பார்த்தார்கள்; நுழையவில்லை. வலையை இன்டர்கூலரோடு ஒட்டி வைக்கக் கூடாது, கல் பட்டு வலை உள்வாங்கினாலும் அலுமினியத்தைத் தொடக் கூடாது என்று சொல்லி, நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு, பம்பர் கம்பியில் ரப்பர் வைத்து முடுக்கினான். வலைக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வேண்டும் என்று ஜெனேவியேவ் கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்டான். என்னென்ன வந்து விழுகிறது என்று பார்க்கத்தான் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ஒரு தட்டைப் பற்றவைத்து, உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தையும் அதில் ஒட்டிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவளுக்குப் புது வேலை வந்தது. நாள்தோறும் வீட்டுக்கு வந்ததும் தட்டை எடுத்துப் பழைய செய்தித்தாளில் கவிழ்ப்பாள். ஜல்லி, செங்கல் பொடி, தட்டான்பூச்சி இறக்கை, வாத்து இறகு, சாலையில் காயப்போட்ட நெல், மோட்டார் சைக்கிள் சங்கிலியின் ஒரு கண்ணி, சட்டைப் பித்தான். ஒருநாள் ஒரு குழந்தையின் பால்பல் கிடந்தது. அது எப்படி வந்திருக்கும் என்று யோசித்து யோசித்து அன்றைக்குச் சோறு ஆறிப்போனது.

காந்தத்தில் அந்த மூன்றுமுனைத் துண்டுகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. தினமும் இல்லை, ஆனால் வந்ததெல்லாம் ஒரே அளவு, ஒரே வளைவு. எந்த இடத்தில் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள, வழியில் ஆங்காங்கே வண்டியை ஓரங்கட்டித் தட்டைப் பார்த்தாள். குச்சியிலிருந்து கால்வாய்ப் பாலம் வரைக்கும் ஒன்றும் இருக்காது. பாலம் தாண்டியதும் இருக்கும். அந்த ஊரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும்; மோட்டார் சைக்கிள்கள் சாலையின் வலது ஓரமாகவே போகும். அவை முன்னால் போக, பின்சக்கரத்தில் மிதிபட்டுத் தெறிப்பது இவள் வண்டியின் வலது மூலையில் அடிக்கிறது. தரையிலிருந்து தெறிப்பதால் கீழே படுகிறது. இவ்வளவு தூரம் விளங்கியதில் அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனால் துண்டு எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை.

அதைச் சலாஹுதீனிடம் சொன்னபோது அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“பாலத்தாண்ட பஞ்சர் கடை இருக்குல்ல? அவன் வேலைதான் இது. ஆணி போட்டுப் பஞ்சர் ஒட்டுறவங்க இந்த ஊர்ல எத்தன பேரு.”

அது பொய்யில்லை. இந்த நகரத்தில் சாலையில் ஆணி இறைத்துப் பிழைப்பவர்கள் உண்டு. காந்தத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு அதைப் பொறுக்க இளைஞர்கள் கிளம்புவதும் உண்டு. பாலத்தடியில் கடை வைத்திருந்தவன் பெயர் ஊத். கடைக்குட்டி என்று அர்த்தம். ஐம்பது வயதுக்காரனை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

ஜெனேவியேவ் மறுநாளே அவன் கடைமுன் வண்டியை நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு வந்து, அவனுடைய பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஊத்தின் முகம் இறுகியது. நீயும் அதைக் கேட்கத்தான் வந்தாயா என்றான். எழுந்து உள்ளே போனான். அவன் கட்டையோடு வருவானோ என்று அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். அவன் ஒரு பால்மாவு டின்னோடு வந்து அவள் காலடியில் கொட்டினான். எல்லாம் அதே துண்டுகள். விடிந்ததும் விடியாததுமாகக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பாலத்தை அவன்தான் பெருக்குகிறானாம். பாலத்தடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவன்மேல்தான் சந்தேகம். அவன் பொறுக்குவதைப் பார்த்தவர்கள்கூட, போட்டது தெரியாமல் இருக்கத்தான் பொறுக்குகிறான் என்று சொன்னார்களாம்.

“நான் போட்டா நானே எதுக்குப் பொறுக்கணும்?” என்று வியட்நாமிய மொழியில் அவன் கேட்டான். குரலில் கோபத்தைவிடச் சலிப்பு அதிகம்.

அவள் அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரைக் குத்தவேண்டும் என்று வெட்டியவன் இத்தனை அழகாக ஒரு வளைவு வைப்பானா? இது ஏதோ ஒன்றைச் செய்தபோது மிஞ்சியது. மிஞ்சியது இது என்றால், செய்தது எது? அதை அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஊத் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் இத்தனை நாளும் துண்டைத்தான் பார்த்தானே தவிர, அது எதிலிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்கவில்லையாம்.

ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். போகிற இடமெல்லாம் அதை எடுத்து எதன் ஓரத்திலாவது வைத்துப் பார்ப்பாள். சாவி, பெல்ட் வளையம், பூட்டு, கரண்டி. எதோடும் சேரவில்லை. காபிக் கடைப் பையன்கள் அவள் போன பிறகு சிரித்திருப்பார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாலத்தடியில் கூட்டம் கூடியிருந்ததைப் பார்த்து இறங்கினாள். முதல்நாள் மாலை ஒரு கர்ப்பிணிப் பெண் டயர் வெடித்து விழுந்துவிட்டாள். அவளுக்குப் பெரிய காயமில்லை. ஆனால் அவள் வீட்டார் வந்து ஊத்தின் கம்ப்ரசரைக் கவிழ்த்து, குழாயை அறுத்துப் போட்டுவிட்டார்கள். ஊத் ஒரு பக்கமாக உட்கார்ந்து அறுந்த குழாயைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். ஜெனேவியேவ் கவிழ்ந்த கம்ப்ரசரை அவனோடு சேர்ந்து நிமிர்த்தி வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். அதுவரை அவளுக்கு அது ஒரு புதிராகத்தான் இருந்தது. அன்று தாவோ தியென் போய்ச் சேரும்வரை அந்த அறுந்த குழாயையே நினைத்துக்கொண்டு ஓட்டினாள்.

அங்கே ஓர் உணவகத்துச் சமையலறையில் கொத்தமல்லிக் கட்டை இறக்கிவைத்துவிட்டு, கை கழுவத் திரும்பினாள். பாத்திர அலமாரியின் கதவு கழன்று தொங்கியது. கதவைப் பிடித்திருந்த கீல் கண்ணுக்கு நேராக இருந்தது. கீலின் தகட்டில் மூலைகள் கூராக இல்லை. வழவழவென்று உருட்டி விட்டிருந்தார்கள். அவள் ஈரக் கையாலேயே சட்டைப் பையைத் துழாவித் துண்டை எடுத்து அந்த உருண்ட மூலையில் வைத்தாள். வளைவோடு வளைவு ஒட்டி உட்கார்ந்தது. கீலுக்குக் கூரான மூலை வந்துவிட்டது. சமையற்காரனைக் கூப்பிட்டு, பாரேன், பாரேன் என்றாள். அவன் பார்த்துவிட்டு, கதவைச் சரிசெய்ய ஆள் சொல்லியாகிவிட்டது என்றான்.

திரும்பும் வழியில் சலாஹுதீனையும் ஏற்றிக்கொண்டாள். பாலத்துக்குப் பின்னால் இருந்த சந்துகளில் இருவரும் நடந்தார்கள். கீல் அடிக்கும் இடத்தில் தகட்டை அடித்து வெட்டும் அச்சு இயந்திரம் இருக்கும், சத்தம் கேட்கும் என்பது சலாஹுதீனின் கணக்கு. நாலாவது சந்தில் ‘டக், டக்’ என்று கேட்டது. பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகை. லியென் என்ற பெண் இரண்டு வேலைக்காரர்களோடு கதவுக் கீல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கீலுக்கும் நாலு மூலை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு தெறித்து விழுந்தது.

ஜெனேவியேவ் தன் கையிலிருந்ததைக் காட்டினாள். லியென் மறுக்கவில்லை, தன் துண்டுதான் என்று உடனே சொன்னாள். ஆனால் அது எப்படிப் பாலத்துக்குப் போகும் என்று அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டித்தானே பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறாள். மூட்டையைக் காட்டச் சொன்னாள் ஜெனேவியேவ். பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் சாக்கைச் சலாஹுதீன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். சல்லடையாக இருந்தது. துண்டுகளின் முள்முனைகளே சாக்கைக் குத்திக் கிழித்திருந்தன. பழைய இரும்புக்காரன் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலம் ஏறுவான். பாலமும் சாலையும் சேரும் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் நாலு துண்டு உதிரும்.

லியென் பயந்துவிட்டாள். போலீசில் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டாள். ஜெனேவியேவ் கர்ப்பிணிப் பெண் விழுந்ததையும், ஊத்தின் கம்ப்ரசர் போனதையும் சொன்னாள். பிறகு, “நீங்க அவன் கடைக்கு வாங்க. எங்கிட்ட சொன்னத அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. எனக்கு அது போதும்” என்றாள்.

லியென் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓட்டைச் சாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

பாலத்தடியில் எல்லார் முன்னாலும் அவள் நடந்ததைச் சொல்லி, சாக்கைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். துண்டுகள் சிமெண்டுத் தரையில் உதிர்ந்தன. விழுந்த பெண்ணின் மாமியார் முதலில் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஊத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் மகன் மாலையில் புதுக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, கடை வாசலில் வைத்துவிட்டுப் போனான் என்று ஊத் பிறகு சொன்னான். கம்ப்ரசரைச் சலாஹுதீன் தன் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தான். கடைக்காரன்மேல் வாய்க்கு வந்தபடி பழி போட்டோமே என்று அவனுக்குக் கூச்சம். அதனால் வால்வு, பெல்ட் எல்லாமே புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

லியென் அடுத்த நாளிலிருந்து சாக்கை விட்டுவிட்டு, காலியான பெயின்ட் டப்பாக்களில் துண்டுகளை நிரப்பி மூடிபோட்டு அனுப்பினாள். ஊத் மட்டும் இன்னும் சில வாரம் காந்தத்தை இழுத்தான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான்.

வலையைக் கழற்றிவிடலாமா என்று சலாஹுதீன் கேட்டான். ஜெனேவியேவ் ஒத்துக்கொள்ளவில்லை. ஜல்லி லாரிகள் குறையவில்லை. எஃகு வலையில் ஏற்கெனவே அங்கங்கே பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு பள்ளமும் இன்டர்கூலரில் விழுந்திருக்க வேண்டிய அடி. வாரம் ஒருமுறை வலையையும் இன்டர்கூலரையும் வேகம் குறைத்த தண்ணீரால் உள்ளிருந்து வெளியே கழுவிவிடுவாள். வைக்கோல் சிக்கியிருந்தால் கையாலேயே எடுப்பாள், சூட்டில் பற்றிக்கொள்ளக் கூடாது என்று. அவள் வண்டியைப் பார்த்துக் குச்சி விவசாயிகள் இரண்டு பேர் தங்கள் பிக்கப்புக்கும் அதே வலை வேண்டும் என்று சலாஹுதீனிடம் வந்தார்கள். தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் தட்டை எடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் அதில் ஒரு வெள்ளை வளையம் கிடந்தது. பீங்கான் போல இருந்தது. ஆனால் பீங்கான் இத்தனை லேசாக இருக்காது. ஓரத்தில் மூன்று வெட்டு, நடுவில் நீலமாக ஒரு கோடு. சலாஹுதீன் பார்த்துவிட்டு ஏதோ மின்சாரச் சாமான் என்றான். லியென் பார்த்தாள், அவளுக்குத் தெரியவில்லை. ஊத், மீன்வலையில் கட்டுவதாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, இருக்காது என்று அவனே தலையாட்டினான். தாவோ தியெனில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமும் காட்டியாயிற்று. அவர் அதைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஜெனேவியேவ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கடைக்குக் கீரை இறக்கப் போனாள்.